ஜேம்ஸ் பிரவுனின் அப்பல்லோ ஆல்பம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சோல் இசையை (தேவாலயப் பாட்டின் உணர்ச்சி கலந்த அமெரிக்கக் கறுப்பின இசை) எங்கிருந்து கேட்க ஆரம்பிக்கலாம் என்று யார் கேட்டாலும் நான் கைகாட்டுவது இந்த ஒரு ஆல்பத்தைத்தான். கேட்டுவிட்டு வருகிறவர்களில் பாதிப் பேர் துள்ளிக் குதிப்பார்கள். மீதிப் பேர் "என்னப்பா இது, ஒரே கூச்சலா இருக்கே" என்பார்கள். இரண்டு தரப்பும் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால் எல்லாவற்றுக்கும் இங்கேயே பதில் எழுதிவிடுகிறேன்.

எந்த ஆல்பம்? ஜேம்ஸ் பிரவுன் அந்தப் பெயரில் நாலைந்து போட்டிருக்கிறாரே?

ஆமாம், குழப்பம் வரத்தான் செய்யும். நான் சொல்வது முதலாவது, 'லைவ் அட் தி அப்பல்லோ'. 1962 அக்டோபர் 24 அன்று நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில், 125ஆவது தெருவில் உள்ள அப்பல்லோ தியேட்டரில் ஒலிப்பதிவு செய்து 1963 மே மாதம் வெளியிட்டார்கள். அதே அரங்கில் 1967இல் பதிவான இரண்டாம் பாகமும் உண்டு, 1971இல் பதிவான இன்னொன்றும் உண்டு. அவையும் நல்லவைதான், ஆனால் அவை வேறு இசை. அதற்குள் பிரவுன் தாளமே பிரதானமான ஃபங்க் பக்கம் போய்விட்டார். முதலாவதில் இருப்பது அழுகையும் கெஞ்சலுமான சோல். மொத்தமே அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. தேடும்போது வருடத்தையும் சேர்த்துத் தேடுங்கள். அப்பல்லோ என்று மட்டும் தேடினால் நம் ஊரில் ஆஸ்பத்திரிதான் முதலில் வந்து நிற்கும்.

1962இல் அவர் அவ்வளவு பெரிய ஆளா?

கறுப்பின ரசிகர்களிடம் பெரிய ஆள். வெள்ளைக்காரர்களில் பெரும்பாலோருக்கு அவர் பெயர் தெரியாது. தென் கரோலினாவில் பிறந்து, ஜார்ஜியா மாநிலத்தின் அகஸ்டாவில் கடும் வறுமையில் வளர்ந்து, பதின்வயதில் திருட்டு வழக்கில் சிறைக்குப் போனவர். வெளியே வந்ததும் கைதூக்கிவிட்டது பாபி பேர்டின் குடும்பம். அந்த பேர்டுடன் பாடத் தொடங்கிய குழுதான் ஃபேமஸ் ஃப்ளேம்ஸ். 1956இல் 'ப்ளீஸ், ப்ளீஸ், ப்ளீஸ்' ஓடியது. அதற்குப் பிறகு வெளியிட்டதெல்லாம் வரிசையாகப் படுத்துக்கொண்டன. 1958இல் 'ட்ரை மீ' வந்து, கறுப்பின இசைக்கான ரிதம் அண்ட் ப்ளூஸ் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்த பிறகுதான் பிழைப்பு நிலைத்தது.

ஆனால் ரேடியோவை விட, தட்டு விற்பனையை விட, அவருக்குச் சோறு போட்டது டூர்தான். வருடத்தில் பெரும்பாலான இரவுகள் ஏதாவதொரு ஊரில் மேடையில் இருப்பார். சொந்த பேண்ட், பின்பாட்டுக்காரர்கள், தனியாகப் பாட ஒரு பெண், நகைச்சுவைக்கு ஒருவர் என்று ஒரு பட்டாளமே பஸ்ஸில் கூடவே போகும். தென்மாநிலங்களில் கறுப்பர்களுக்கு ஹோட்டல் அறையும் கிடைக்காது, பல உணவகங்களில் உள்ளேயும் விடமாட்டார்கள். அதைத் தடைசெய்த சட்டம் வந்ததே 1964இல்தான். அந்தக் காலத்தில், அந்த நிலைமையில், ஊர் ஊராக ஓடிய கூட்டம் இது. இந்த ஆல்பத்தில் நாம் கேட்பது அவர்கள் தினமும் செய்துகொண்டிருந்த வேலையின் ஒரு நாள் பதிவு. இதற்கென்று தனியாக ஒத்திகை பார்த்துத் தயாரித்த சரக்கு இல்லை, அதை மனதில் வைத்துக்கொண்டு கேட்டால் பாதி விஷயம் புரிந்துவிடும்.

இசைத்தட்டுக் கம்பெனி முதலாளி இதை வேண்டாம் என்றாராமே?

சின்சினாட்டியிலிருந்த கிங் ரெக்கார்ட்ஸின் முதலாளி சிட் நேதன். மனிதர் மூக்குக் கண்ணாடி தடிமனாக, குரல் கரகரப்பாக, வாயில் சுருட்டோடு இருக்கும் பழைய பாணி வியாபாரி. 'ப்ளீஸ், ப்ளீஸ், ப்ளீஸ்' பாட்டையே முதலில் காது கொடுத்துக் கேட்கச் சகிக்காமல் திட்டியவர். அவருடைய கணக்கு எளிது. லைவ் ஆல்பத்தில் புதுப் பாட்டு ஒன்றும் இருக்காது, எல்லாம் ஏற்கெனவே சிங்கிளாக, அதாவது தனிப்பாட்டுத் தட்டாக, விற்றவை, வீட்டில் இருக்கும் பாட்டை யார் திரும்பக் காசு கொடுத்து வாங்குவான்? அப்போது கறுப்பின இசையில் பணம் சிங்கிளில்தான் இருந்தது, ஆல்பம் என்பது பெரும்பாலும் ஹிட் பாட்டுகளைச் சேர்த்துக் கட்டிய பொட்டலம். அந்த நிலைமையில் நேதன் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. எனக்கு அவரை முட்டாள் என்று எழுதத் தோன்றவில்லை. அவருக்குத் தட்டு விற்கத் தெரியும், பிரவுன் மேடையில் ஏறினால் அரங்கில் என்ன நடக்கிறது என்பதுதான் தெரியாது.

பிரவுனுக்கு இது முதல் தடவையும் இல்லை. அதற்கு முன்பே தன் பேண்டை வைத்து ஒரு நடனப் பாட்டைப் பதிவு செய்ய நேதன் மறுத்தபோது, மயாமியில் இன்னொரு கம்பெனிக்கு வேறு பெயரில் அதைப் பதிவு செய்துகொடுத்து ஹிட்டும் ஆக்கிக் காட்டியவர் அவர்.

அப்புறம் யார் பணம் போட்டது?

பிரவுன்தான், சொந்தக் காசு. அரங்க வாடகை முதலானவற்றுக்கு 5,700 டாலர் ஆனது என்று பல இடங்களில் எழுதியிருக்கிறார்கள். 1962இல் அது ஒரு புது கார் வாங்கி, மிச்சமும் வைக்கக்கூடிய தொகை. தோற்றால் மொத்தமும் அவர் தலையில். ஒலிப்பதிவுக் கருவிகளோடு கிங் கம்பெனியின் ஹால் நீலி வந்து மேற்பார்வை பார்த்தார். முடிந்ததைக் கேட்ட பிறகு நேதனும் ஒருவழியாகத் தலையாட்டினார்.

ஏன் அப்பல்லோ? வேறு அரங்கமே இல்லையா?

இருந்தன. வாஷிங்டனில் ஹோவர்ட், பால்டிமோரில் ராயல், பிலடெல்பியாவில் அப்டவுன், சிகாகோவில் ரீகல் என்று கறுப்பினக் கலைஞர்கள் சுற்றிவந்த அரங்குகளுக்கு ஒரு வரிசையே உண்டு. ஆனால் அப்பல்லோவின் கூட்டம் தனி. 1934இலிருந்து ஹார்லெம் மக்களுக்காக நடந்த அரங்கம் அது, சுமார் 1,500 இருக்கைகள். புதன்கிழமை ராத்திரி அமெச்சூர் போட்டி நடக்கும். பிடித்தால் தலையில் தூக்கிவைத்து ஆடுவார்கள், பிடிக்காவிட்டால் பாடுகிறவர் முடிக்கும்வரை கூடப் பொறுக்கமாட்டார்கள். ஜாஸ் பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட் பதின்வயதுப் பெண்ணாக வந்து ஜெயித்தது அங்கேதான். அப்படிப்பட்ட கூட்டத்தை ஒருவன் அரை மணி நேரம் தன் உள்ளங்கையில் வைத்திருந்தால், அது தட்டிலும் தெரியும் என்பது பிரவுனின் கணக்கு. பதிவு நடந்த அக்டோபர் 24ஆம் தேதியும் புதன்கிழமைதான்.

அந்த வாரம்தானே கியூபா நெருக்கடி?

அதே வாரம்தான். திங்கட்கிழமை இரவு கென்னடி தொலைக்காட்சியில் தோன்றி, கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் இருப்பதைச் சொல்கிறார். புதன்கிழமை கடல் முற்றுகை அமலுக்கு வருகிறது. அணுகுண்டு விழுந்தால் முதலில் எங்கே விழும் என்றால், நியூயார்க் அந்தப் பட்டியலில் மேலே இருக்கும். அந்த நாளில் டிக்கெட் வாங்கி உள்ளே வந்து உட்கார்ந்தவர்கள் இந்தக் கூட்டம். தட்டில் இதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. அந்தக் கத்தலில் பயமும் கலந்திருக்கிறது என்று எழுதுகிறவர்கள் உண்டு. அப்பல்லோ கூட்டம் மற்ற வாரங்களில் மட்டும் அமைதியாகவா இருந்தது? எனக்கு அந்த வாதத்தில் பெரிய நம்பிக்கை இல்லை, ஆனால் தேதி தெரிந்த பிறகு கேட்டால் முதுகில் லேசாகச் சிலிர்க்கிறது என்பதும் உண்மை.

பேண்டில் யார் யார்?

எல்லாப் பெயரையும் சொன்னால் பட்டியலாகிவிடும், கேட்கும்போது காதில் விழுகிறவர்களை மட்டும் சொல்கிறேன். பேண்டை நடத்தியவர் டிரம்பெட் வாசித்த லூயிஸ் ஹாம்லின். டெனர் சாக்ஸபோன் செயின்ட் கிளேர் பிங்க்னி, பிரவுனோடு பல வருடம் இருந்தவர். கிட்டார் லெஸ் பூயி. ஆர்கன் வாசித்தவர் லூகஸ் கோண்டர், உடம்பை வைத்து எல்லோரும் 'ஃபேட்ஸ்' என்று கூப்பிடுவார்கள். ஆரம்பத்தில் அறிவிப்புக் குரலும் இவருடையதுதான்.

டிரம்ஸ் கிளேட்டன் ஃபில்லியா. இவரைக் கொஞ்சம் கவனித்துக் கேளுங்கள். நியூ ஆர்லியன்ஸ் பாணித் தாளத்தைப் பிரவுன் பேண்டுக்குள் கொண்டுவந்தவர், பின்னால் ஃபங்க் என்று உலகம் கொண்டாடிய சங்கதிக்கு விதை போட்டவர்களில் ஒருவர். வேகமான பாட்டுகளில் அவர் அடிக்கும் அடி நேராக வராது, இடையிடையே சந்துக்குள் புகுந்து வெளியே வரும்.

பின்பாட்டு ஃபேமஸ் ஃப்ளேம்ஸ்: பாபி பேர்ட், பாபி பென்னட், லாய்ட் ஸ்டால்வொர்த். பாட்டுக்குப் பாட்டு இவர்கள் இருக்கிறார்கள், பிரவுன் கேட்கும் கேள்விக்கெல்லாம் பதில் பாடுகிறவர்கள் இவர்கள்தான். பேர் வாங்கியது என்னவோ ஒருவர் மட்டும். ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் 1986இலேயே பிரவுனைத் தனியாகச் சேர்த்துக்கொண்டது, ஃப்ளேம்ஸுக்கு இடம் கிடைத்தது 2012இல். அதற்குள் பேர்டும் ஸ்டால்வொர்த்தும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

எப்படி இவ்வளவு கச்சிதமாக வாசிக்கிறார்கள்? ஒரு இடத்தில் கூடத் தடுக்கவில்லையே?

இரண்டு காரணம். ஒன்று, மேலே சொன்ன டூர். ஒரே பாட்டை நூற்றுக்கணக்கான ராத்திரி வாசித்தால் கை தானாகப் போகும், அப்புறம் கண் முழுக்கப் பாடகர் மேல் இருக்கலாம். அவர் தோள் அசைந்தால் ஒரு அடி, கால் வழுக்கினால் ஒரு அடி. பேண்ட் அவரைப் பார்த்துத்தான் வாசிக்கிறது.

இரண்டாவது காரணம் அவ்வளவு அழகானது இல்லை. அபராதம். சுரம் தப்பினால், வரவேண்டிய இடத்தில் வராவிட்டால், ஷூ பாலீஷ் இல்லாவிட்டால், சட்டை கசங்கியிருந்தால் சம்பளத்தில் பிடிப்பார். ஆடிக்கொண்டிருக்கும்போதே கையை விரித்துக் காட்டுவார், ஐந்து விரல் என்றால் ஐந்து டாலர். கூட்டம் அதையும் நடனம் என்று நினைத்துக் கைதட்டும். அவரிடம் வேலை பார்த்தவர்கள் பின்னாளில் கொடுத்த பேட்டிகளில் இதைச் சிரித்துக்கொண்டே சொன்னவர்களும் உண்டு, கசப்போடு சொன்னவர்களும் உண்டு. 1970இல் அப்போதைய பேண்ட் மொத்தமும் சம்பளத் தகராறில் கிட்டத்தட்டக் கலைந்தே போனது. மேதை என்பதற்காக இதையெல்லாம் மூடி மறைக்க வேண்டியதில்லை. அந்தக் கச்சிதத்தில் பயத்துக்கும் ஒரு பங்கு உண்டு.

பாட்டு தொடங்குவதற்கு முன் ஒருவர் பேசிக்கொண்டே இருக்கிறாரே, அதைத் தாண்டிவிடலாமா?

தாண்டாதீர்கள். இரண்டு நிமிஷம்கூட இருக்காது. ஃபேட்ஸ் கோண்டர் வந்து பிரவுனின் ஹிட் பாட்டுகளின் பெயரை ஒவ்வொன்றாக வாசிக்கிறார். ஒவ்வொரு பெயருக்கும் ஊதுகருவிகள் சேர்ந்து ஒரே ஒரு அடி. அடுத்த பெயர், அடுத்த அடி, இந்தத் தடவை சுருதி ஒரு படி மேலே. இன்னொரு பெயர், இன்னும் மேலே. கூட்டத்தின் சத்தமும் கூடவே படி ஏறுகிறது. இன்னும் ஒருவரும் பாடவில்லை, பிரவுன் மேடைக்கே வரவில்லை, அதற்குள் அரங்கம் கொதிநிலைக்கு வந்துவிடுகிறது. ஒரு ஆளை மேடைக்கு அழைப்பது எப்படி என்று பட்டிமன்ற ஒருங்கிணைப்பாளர்கள் எல்லோரும் இதைக் கேட்டுக் கற்றுக்கொள்ளலாம்.

டெட்ராய்ட்டின் எம்சி5 என்ற ராக் பேண்ட் 1968இல் தங்கள் முதல் ஆல்பத்தையே லைவாகப் பதிவு செய்தது இந்தத் தட்டைக் கேட்டுக் கேட்டு வெறியேறித்தான் என்று அந்த பேண்டின் கிட்டாரிஸ்ட் வேய்ன் கிராமர் சொல்லியிருக்கிறார்.

எல்லோரும் 'லாஸ்ட் சம்ஒன்' பாட்டைத்தான் சொல்கிறார்கள். அதில் அப்படி என்ன?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீட்டித்தான் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த ஆல்பத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

1961இல் சிங்கிளாக வந்தபோது இது மூன்று நிமிஷச் சொச்சம் ஓடும் ஒரு மெதுவான பாட்டு. காதலியைப் பறிகொடுத்தவன் புலம்புகிறான், அவ்வளவுதான் கதை. பிரவுனும் பேர்டும் ஸ்டால்வொர்த்தும் சேர்ந்து எழுதியது. அப்பல்லோவில் அதே பாட்டு பத்து நிமிஷத்துக்கு மேல் போகிறது. நீளம் எங்கிருந்து வந்தது? புதுச் சரணம் எதுவும் சேர்க்கவில்லை. சாக்ஸபோன் தனியாவர்த்தனம் கிடையாது. பேண்ட் ஒரு சின்ன வட்டத்துக்குள் ஊஞ்சல் மாதிரி முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே இருக்கிறது, மேலே பிரவுன் ஒரு வரியை எடுத்து வைத்துக்கொண்டு பாடுகிறார், பேசுகிறார், கெஞ்சுகிறார், திடீரென்று வீறிடுகிறார், அடுத்த நொடி மூச்சுச் சத்தத்துக்கு இறங்கிவிடுகிறார்.

இறங்குகிற இடங்களைத்தான் கவனிக்க வேண்டும். பேண்டும் கூடவே தணிந்துவிடும், டிரம்ஸ் ஓரத்தில் லேசாகத் தட்டிக்கொண்டிருக்கும், ஆர்கன் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. அந்தக் கிட்டத்தட்ட மௌனத்தில் கூட்டத்தில் ஒரு பெண் தாங்கமுடியாமல் கத்துகிறாள். இன்னொரு மூலையிலிருந்து இன்னொருத்தி. பிரவுன் உடனே அதற்குப் பதில் சொல்கிறார். பாட்டின் வரியிலேயே பதில் சொல்கிறார், பாட்டை நிறுத்திவிட்டு இல்லை. இங்கே யாரோ ஒருவர் தன் ஆளைத் தொலைத்திருக்கிறார் போலிருக்கிறதே என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்கிறார். அவர் ஒரு ஒலி எழுப்ப அவர்கள் திருப்பி எழுப்ப, போதாது இன்னும் என்று அவர் கேட்க, மறுபடி. அவருக்கு யாரும் இதைச் சொல்லிக்கொடுக்கவில்லை, கறுப்பினத் தேவாலயத்தில் போதகர் ஒரு வாக்கியம் சொல்வதும் சபை அதற்குக் குரல் கொடுப்பதுமாகச் சிறுவயதிலிருந்து பார்த்து வளர்ந்தது. வித்தியாசம், அங்கே கூப்பிடுவது கடவுளை, இங்கே விட்டுப்போன காதலியை.

நம் கச்சேரிகளில் ராக ஆலாபனை உச்சத்துக்குப் போகும்போது முன்வரிசை மாமா ஒருவர் "ஆஹா" என்று தொடையில் தட்டுவாரே, பாடுகிறவர் அவரைப் பார்த்து இன்னொரு பிருகா போடுவாரே, அதே கொடுக்கல் வாங்கல்தான். என்ன, இங்கே 1,500 மாமாக்கள், மாமிகள், அத்தனை பேரும் ஒரே நேரத்தில்.

இன்னொரு விஷயம். எல்பி தட்டில் ஒரு பக்கத்துக்குள் இந்தப் பாட்டு அடங்கவில்லை. நடுவிலேயே வெட்டி, மிச்சத்தை மறுபக்கத்தின் தொடக்கத்தில் வைத்தார்கள். எழுந்துபோய்த் தட்டைத் திருப்பிப் போட்டுத்தான் மீதி அழுகையைக் கேட்க வேண்டும். இப்போது போனில் அந்த வெட்டு இல்லாமல் கேட்கலாம், அதனால் நமக்குத்தான் லாபம்.

கூட்டத்தில் ஒரு பாட்டி கெட்ட வார்த்தை சொல்லிக் கத்துவார் என்கிறார்களே, எங்கே?

எவ்வளவு தேடினாலும் தெளிவாகக் கிடைக்காது. கதை இதுதான், பிரவுன் தன் சுயசரிதையில் சொன்னது: மேடைக்கு எதிரே, மைக்குக்குச் சரியாகக் கீழே, எழுபது வயதைத் தாண்டிய மாதிரி ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தார். உணர்ச்சிவசப்பட்டு, பாடுடா என்பதற்குப் பக்கத்தில் அச்சில் ஏற்ற முடியாத ஒரு வார்த்தையைச் சேர்த்துக் கத்திக்கொண்டே இருந்தார். சுற்றியிருந்தவர்கள் அதைக் கேட்டுச் சிரிக்க, பதிவில் முதலில் அது ஒரு தலைவலியாகப் போனது. அப்புறம்தான் ஹால் நீலிக்குப் பொறி தட்டியது, இந்த அம்மாளால்தான் சுற்றுவட்டாரமே சூடாகிறது என்று. அவரைப் போகவிடாமல் அடுத்த காட்சிகளுக்கும் உட்காரவைத்தார்கள், வார்த்தை காதில் விழாதபடி மைக்கைத் தள்ளிவைத்தார்கள். கதையில் எவ்வளவு மசாலா என்பது பிரவுனுக்கே வெளிச்சம், ஆள் கதை சொல்வதிலும் கில்லாடி.

'ப்ளீஸ், ப்ளீஸ், ப்ளீஸ்' மெட்லியில் (பல பாட்டுகளைக் கோர்த்துப் பாடும் பகுதி) பாட்டுகள் வந்த வேகத்தில் ஓடிப்போகின்றனவே?

ஆமாம், ஆறு நிமிஷச் சொச்சத்துக்குள் எட்டுப் பாட்டைத் தொட்டுவிட்டுப் போகிறார். ஒவ்வொன்றிலும் ஒரு வாய் ஊட்டிவிட்டு இலையை எடுத்துவிடுகிற மாதிரி இருக்கும். எனக்கு இந்தப் பகுதி கொஞ்சம் அவசரமாகத்தான் படுகிறது. ஆனால் மேடையில் நேராகப் பார்த்தவர்களுக்கு அப்படி இருந்திருக்காது. பாட்டுக்குப் பாட்டு பேண்ட் மாறும் இடங்களை மட்டும் கேளுங்கள், ஒரு நூல் இடைவெளி கூட விடாமல் தாவுகிறார்கள். அபராதம் வேலை செய்கிறது.

கடைசிப் பாட்டில் ஊர்ப் பெயர்களாகச் சொல்கிறாரே?

'நைட் டிரெய்ன்'. முதலில் சாக்ஸபோன்காரர் ஜிம்மி ஃபாரஸ்ட் 1950களின் தொடக்கத்தில் வாத்திய இசையாகப் பிரபலப்படுத்தியது. பிரவுன் அதற்கு எழுதிய சாகித்யம் என்று பார்த்தால் கிட்டத்தட்ட ரயில்வே கால அட்டவணைதான். மயாமி, அட்லாண்டா, ராலே, வாஷிங்டன், ரிச்மண்ட், பால்டிமோர், பிலடெல்பியா, நியூயார்க் என்று கிழக்குக் கரையோரமாக ஏறிக்கொண்டே போகும். இவையெல்லாம் அந்த பேண்டின் பஸ் திரும்பத் திரும்ப ஓடிய ஊர்கள். ஸ்டுடியோ பதிவில் டிரம்ஸ் வாசித்ததும் பிரவுனே. அப்பல்லோவில் இதைப் போட்டு ஆடவைத்து முடித்துவிடுகிறார். அழுதது போதும், வீட்டுக்குப் போங்கள் என்கிற மாதிரி.

கைதட்டலையும் கூச்சலையும் பின்னால் ஒட்டவைத்திருப்பார்களோ?

நியாயமான சந்தேகம், ஏனென்றால் பிரவுன் விஷயத்தில் அது நடந்திருக்கிறது. இந்த ஆல்பம் ஓடியதும் 1964இல் பால்டிமோர் ராயல் தியேட்டர் பெயரில் இன்னொரு லைவ் ஆல்பம் வந்தது. அதில் ஸ்டுடியோவில் பதிவான பாட்டுக்கும் கூட்டச் சத்தத்தைப் பூசிவிட்டார்கள். 1970இன் 'செக்ஸ் மெஷின்' ஆல்பத்திலும் அதே கைவேலை. அப்பல்லோ ஆல்பத்திலும் வெட்டி ஒட்டிச் சீர்செய்யும் வேலை இல்லாமல் இருந்திருக்காது, வெளியிடுவதற்கு முன் டேப் எடிட்டிங் மேஜைக்குப் போய்த்தான் வந்தது. ஆனால் 'லாஸ்ட் சம்ஒன்' நடுவில் கேட்கும் குரல்களை ஒட்டவைக்க முடியாது. ஒருத்தி கத்துகிறாள், அவர் அதற்கேற்ப அடுத்த வரியை மாற்றுகிறார். பூசிய சத்தத்துக்கு யாரும் பதில் சொல்லிப் பாடுவதில்லை.

ஓடியதா?

ஓடியதா என்றால்! பில்போர்ட் என்ற அமெரிக்க இசைப் பத்திரிகையின் ஆல்பம் பட்டியலில் இரண்டாம் இடம்வரை போய், 66 வாரம் அந்தப் பட்டியலிலேயே இருந்தது. ரிதம் அண்ட் ப்ளூஸ் பட்டியல் அல்ல, எல்லா ஆல்பங்களுக்குமான பொதுப் பட்டியல். ஒரு சின்னக் கம்பெனி வெளியிட்ட, கறுப்பினக் கூட்டத்துக்கு முன் பதிவான தட்டுக்கு அப்போது இது யாரும் எதிர்பார்க்காத உயரம். ரேடியோ ஜாக்கிகள் தனிப்பாட்டு எடுத்துப் போடாமல் ஒரு பக்கத்தை முழுசாக ஓடவிட்டார்களாம், தட்டைத் திருப்பும் நேரத்தில் விளம்பரம், அப்புறம் மறுபக்கம். நேதனின் சிங்கிள் கணக்கு தலைகீழானது இங்கேதான். 2004இல் அமெரிக்காவின் காங்கிரஸ் நூலகம் காப்பாற்றப்பட வேண்டிய ஒலிப்பதிவுகளின் பட்டியலில் இதைச் சேர்த்தது.

இதுதான் முதல் சோல் லைவ் ஆல்பமா?

இல்லை, அப்படி எழுதுகிறவர்களை நம்பாதீர்கள். பாடகர் ரே சார்ல்ஸ் நியூபோர்ட் இசைவிழாவில் பாடிய பதிவு 1958இலேயே வந்துவிட்டது. 1959இல் அட்லாண்டாவில் ஒரு திறந்தவெளி மைதானத்தில் அவர் பாடியதும் ஆல்பமாக வந்தது, அதுவும் தவறவிடக் கூடாதது. பிரவுன் செய்தது வேறு. கூட்டத்தையும் பாட்டின் ஒரு பகுதியாக்கினார். ரே சார்ல்ஸ் தட்டில் கூட்டத்தை எடுத்துவிட்டாலும் நல்ல இசை மிஞ்சும். இங்கே கூட்டத்தை எடுத்தால் 'லாஸ்ட் சம்ஒன்' பாதிதான் இருக்கும்.

வீடியோ இருக்கிறதா?

அந்த இரவை யாரும் படம் பிடிக்கவில்லை. இரண்டு வருடம் கழித்து, 1964 அக்டோபரில் கலிபோர்னியாவின் சாண்டா மோனிகாவில் எடுத்த 'டாமி ஷோ' என்ற படத்தில் அவரும் ஃப்ளேம்ஸும் ஆடுவதைப் பாருங்கள். முழங்காலிட்டு விழுவதும், ஒருவர் வந்து தோளில் போர்வை போர்த்தி அழைத்துப்போவதும், அவர் அதை உதறிவிட்டு மைக்குக்குத் திரும்பி ஓடிவருவதும் அதில் இருக்கிறது. அவருக்குப் பிறகு மேடையேற வேண்டிய துர்பாக்கியம் இங்கிலாந்து ராக் பேண்டான ரோலிங் ஸ்டோன்ஸ் பையன்களுக்கு. பார்த்துவிட்டு ஆல்பத்தைக் கேட்டால், பாட்டில் காரணமே இல்லாமல் கூட்டம் வீறிடும் இடங்களில் மேடையில் என்ன நடந்திருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

ஆங்கிலம் புரியவில்லை, பரவாயில்லையா?

பாதிக்குமேல் ஆங்கிலேயருக்கே புரியாது. போ, வா, விட்டுப்போகாதே, தயவுசெய்து. இதற்குமேல் பொருள் தேடினால் அகப்படாது.

கேட்டேன், பிடிக்கவில்லை. என்னிடம் கோளாறா?

கோளாறெல்லாம் இல்லை. பழைய பதிவு, சத்தம் நெருக்கியடித்துக்கொண்டு வரும், பேஸ் கிட்டார் அமுங்கியிருக்கும். மசால் தோசை சாப்பிட்டுக்கொண்டு பின்னணியில் ஓடவிட்டால் எரிச்சல்தான் வரும். ஹெட்ஃபோன் போட்டு, ஒருமுறை முதலிலிருந்து கடைசிவரை நிறுத்தாமல் கேட்டுப் பாருங்கள். 'திங்க்' பாட்டின் வேகத்தில் மூச்சு வாங்கி, உடனே அடுத்து வரும் பாட்டின் மெதுவான கெஞ்சலில் விழுந்து, அங்கிருந்து 'லாஸ்ட் சம்ஒன்' என்று போகிற ஏற்ற இறக்கம்தான் இதன் சூட்சுமம். ஷஃபிளில் போட்டால் எல்லாம் போச்சு. அப்படியும் ஒட்டவில்லையென்றால் விட்டுவிடுங்கள், உலகத்தில் வேறு இசை இல்லாமலா போய்விட்டது.

எந்தப் பதிப்பை வாங்குவது?

மூல டேப் பல வருடம் எங்கோ அலமாரியில் மாட்டிக்கொண்டு கிடைக்காமல் போனதால் சிடியாக வந்ததே 1990இல்தான். 2004இல் விரிவாக்கப்பட்ட பதிப்பு வந்தது, அதில் கொஞ்சம் கூடுதல் சரக்கு உண்டு. முதல்முறை கேட்கிறவர்களுக்கு அந்தக் கூடுதல் தேவையே இல்லை, முதலில் வந்த வரிசை போதும்.

பிடித்துவிட்டது. அடுத்து?

சோல் பாடகர் சாம் குக், 1963 ஜனவரியில் மயாமியின் ஹார்லெம் ஸ்கொயர் கிளப்பில் பாடியது. ரொம்பக் கரடுமுரடாக இருக்கிறது, அவருடைய சொகுசுப் பிம்பத்துக்கு ஒத்துவராது என்று கம்பெனி அதை 1985வரை பூட்டியே வைத்திருந்தது. ப்ளூஸ் வேண்டுமென்றால் பி.பி. கிங் 1964 நவம்பரில் சிகாகோவின் ரீகல் தியேட்டரில் வாசித்தது. கூட்டமும் பேண்டும் ஒன்றாகக் கலப்பது இன்னும் மென்மையாக வேண்டுமென்றால் டானி ஹாத்தவேயின் 1972 லைவ் ஆல்பம், அதில் வில்லி வீக்ஸ் வாசிக்கும் பேஸ் தனியாவர்த்தனத்துக்காக மட்டுமே வாங்கலாம். அரீதா ஃப்ராங்ளின் 1971 மார்ச்சில் சான் பிரான்சிஸ்கோவின் ஃபில்மோர் வெஸ்ட்டில் பாடியதும் இருக்கிறது, பின்னால் வாசிப்பது கிங் கர்ட்டிஸின் பேண்ட், கடைசியில் ரே சார்ல்ஸும் மேடையேறுகிறார். பிரவுனையே தொடர வேண்டுமென்றால் 1971 பாரிஸ் ஒலிம்பியா பதிவு. பூட்ஸி காலின்ஸ் என்ற பொடிப்பையன் பேஸ் வாசிப்பார், அப்பல்லோவில் அழுத அதே ஆள் அங்கே கட்டளை போட்டு ஆடவைப்பார். அது 1992இல்தான் வெளியே வந்தது.